பெறப்பட்ட மாதிரி: ஒன்று

கெண்ட் ரிட்ஜில், தரைக்கு இரண்டு மாடி கீழே,
கடைசி வண்டி போகட்டும் என்று காத்திருக்கிறேன்.
வட்டப் பாதையில் அது ஓடும்போதெல்லாம்
திரையில் இரும்பு நடுங்கும்.
பத்தாயிரம் மடங்கு பெருக்கிய எதற்கும்
நடுக்கமும் பத்தாயிரம் மடங்கு.

நேற்று இதே மேடையில் ஓர் ஏடிஸ் கொசு.
ஆறு நானோமீட்டர் கனத்தில் பொன் பூசினோம்.
ஒரு கால் ஒடிந்தும் மணப்பெண் போல இருந்தது.
இன்றைய போல்ட்டுக்குப் பொன் வேண்டாம்;
எஃகு, மின்சாரத்தைத் தானே கடத்திவிடும்.
துவாஸில் ஒரு பாரந்தூக்கியிலிருந்து வந்திருக்கிறது,
பாதியாக.

கொண்டுவந்தவர் திரு கோ.
மூடி போட்ட கோப்பியும் மஞ்சள் தலைக்கவசமுமாக
மேலே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார்.
படிவத்தில் உலோகத்தின் தரம் இருக்கிறது,
உடைந்த தேதி, நேரம், அன்றைய ஈரப்பதம்கூட.
கீழே நின்றிருந்தவருக்குக் கட்டம் இல்லை.
"கால்," என்றார் கோ, நான் கேட்காமலே.
"இடது."

வண்டி போய்விட்டது.
அறையில் காற்று மெல்ல வற்றி
மானி பச்சைக்கு வருகிறது.
முதலில் தனிமங்கள்:
இரும்பு, குரோமியம், எதிர்பார்த்ததெல்லாம்.
அப்புறம் எதிர்பாராத மூன்று சிகரங்கள்.
சோடியம். குளோரின். பக்கத்தில் சின்னதாய்ப் பொட்டாசியம்.
கடலா, வேர்வையா?
துவாஸில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.
கதிரை நகர்த்தினேன்; உப்பு வளைந்து வளைந்து போயிற்று,
ஒரு கட்டைவிரல் ரேகையின் வளைவு.

கடைசியாக இதை முடுக்கியவரின் கை என்று
ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.
நம்பப் பிடித்திருந்தது.
பிறகுதான் நினைவு வந்தது:
பேனா வழுக்குகிறதென்று கையுறையைக் கழற்றி
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்ட கையோடு
பையைப் பிரித்தவள் நான்.
அந்த உப்பு என்னுடையது.

பதிவேட்டில் எழுதினேன்: கையாண்டவரால் மாசு.
எத்தனாலில் போட்டு, ஒலியலைத் தொட்டியில்
பத்து நிமிடம் குலுக்கி,
மறுபடி உள்ளே வைத்தேன்.

இந்த முறை கோடுகள்.
ஈஸ்ட் கோஸ்ட்டில் நீர் வற்றிய பின்
மணலில் நிற்குமே, அந்த வரிசை.
ஒரு பாரம் மேலே போனால் ஒரு கோடு;
அவ்வளவுதான் கணக்கு.
கோட்டுக்குக் கோடு கால் மைக்ரான்.
கால் என்று வாய்க்குள் சொன்னவள்
அங்கேயே நின்றுவிட்டேன்.

விரிசலின் நீளம் பத்தரை மில்லிமீட்டர்.
வகுத்தால் நாற்பத்திரண்டாயிரம்.
நாளுக்கு இருநூறு தூக்கல் என்கிறது இயக்கக் குறிப்பு.
ஏழு மாதம்.
இணைப்பில் ஆய்வுத் தாள்கள் இருந்தன:
வெள்ளிதோறும் ஒரு சரிக்குறி,
வெவ்வேறு பேனா, ஒரே சாய்வு.

கோடுகள் முடியும் இடத்தில்
தளம் சட்டென்று மாறுகிறது.
குழிகுழியாய், கிண்ணம் கிண்ணமாய்க் கிழிந்த எஃகு.
அதற்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

அறிக்கையில் 'அயர்வு முறிவு' என்று தட்டச்சு செய்கிறேன்.
உலோகத்துக்கும் அதே சொல்தான், அயர்வு.
வேறு சொல் யாரும் செய்து வைக்கவில்லை.

நாலே முக்காலுக்கு மேலே போனேன்.
"கண்ணால் பார்த்திருக்க முடியுமா?"
என்று கேட்டார் கோ.
முதல் ஐந்து மாதம் முடியாது என்றேன்.
"பிறகு?" என்று கேட்கவில்லை.
தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்,
கூரைக்கடியிலேயே.

முதல் வண்டியில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டேன்.
கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் போல்ட்டுகளை
எண்ணத் தொடங்கி, நாலில் விட்டேன்.
சுரங்கத்துக்குள் வண்டி வேகமெடுக்கிறது.
காலைப் பணிக்கு ஸுராய்டா வந்திருப்பாள்,
கொசுவைத் திரும்ப ஏற்றியிருப்பாள்.
இந்நேரம் அவள் திரையில்
பொன்கால் ஒன்று நடுங்கும்.
அந்த நடுக்கத்தில்
ஐம்பத்தெட்டு கிலோ என்னுடையது.